நின்று திருத்திச் சொல்



சென்ற திருவருகைக் காலத்து ஞாயிறு ஒன்றில் எங்கள் பங்கு ஆலயத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லும்போது என் குற்றத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று முதல் வாசகம் வாசிக்கும் பொறுப்பு ஏழாம் வகுப்புப் பயிலும் ஒரு சிறுவனுக்குக் கிடைத்திருந்தது. துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையும், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையுமாக அவன் வாசகப் பீடத்தின் முன் வந்து நின்றான். ஆண்டவருக்கு வழியை ஆயத்தம் செய்யும்படி எசாயா இறைவாக்கினர் அழைக்கும் பகுதி அது. தெளிவாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தான். ‘வழி’ என்ற சொல் வந்த இடத்தில் நாக்குப் புரண்டு ‘வலி’ என்று ஒலித்துவிட்டது. உடனே நிறுத்தினான். ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டான். பிறகு ‘வழி’ என்று, ழகரம் நன்றாக விளங்கும்படி, அழுத்தந்திருத்தமாகச் சொன்னான்.

அந்த ஒரு நொடி இடைவெளியில் ஆலயத்தில் சிரிப்பொலி எழுந்தது. முதலில் பின்வரிசை இளைஞர்களும், பிறகு பெண்கள் பக்கத்தில் சிலரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தீய எண்ணத்தோடு சிரித்தோம் என்று சொல்ல மாட்டேன், பழக்கத்தினால் சிரித்தோம். சிறுவன் மிச்ச வாசகத்தை ஒரே மூச்சில், தலை நிமிராமல் முடித்துவிட்டுத் தன் இடத்திற்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு வாசகர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அவன் தாயார் எத்தனை சொல்லியும் வர மறுத்துவிட்டானாம்.

இதை நான் ஏறத்தாழ மறந்தே போயிருந்தேன். மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்தவர், சீன மொழி கற்றுக்கொண்ட ஓர் அறந்தாங்கிப் பக்கத்து இளைஞர்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவூர் பெரியநாயகி மாதா ஆலயத்தை அறியாத கத்தோலிக்கர் இருக்க முடியாது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருவாகிய வெனான்சியுஸ் புஷே அடிகளார் நிறுவிய பணித்தளம் அது. இன்று நாம் காணும் ஆலயம் 1747-இல் எழுந்தது. வீரமாமுனிவர் பணியாற்றிய தலம் என்ற பெருமையும் அதற்கு உண்டு. உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி அங்கே நடைபெறும் பாஸ்காவையும் தேரையும் காண வந்த கூட்டத்தில்தான் அந்த இளைஞரைச் சந்தித்தேன். சிங்கப்பூரில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வேலை பார்ப்பவர். விடுமுறையில் ஊர் வந்திருந்தார். ஆலய நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, “அங்கே தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்றே, உமக்கு மொழித் தொல்லை இராதே?” என்று கேட்டேன்.

“வெளியே இல்லை ஐயா. ஆனால் நான் நிற்கும் அடுப்படியில் எல்லாரும் சீனர். முதல் ஆறு மாதம் நான் ஊமையாகவே இருந்தேன்” என்றார்.

அதற்கு அவர் சொன்ன காரணம் கேட்கத்தக்கது. சீனப் பொதுமொழியில் ஒரே அசையை நான்கு தொனிகளில் சொல்லலாம். சமமாக உயர்த்திச் சொல்வது ஒன்று. கீழிருந்து மேலே ஏற்றிச் சொல்வது ஒன்று. தாழ்ந்து பின் எழுவது ஒன்று. மேலிருந்து சட்டென்று இறக்குவது ஒன்று. தொனி மாறினால் பொருளே மாறிவிடும். ‘மாய்’ என்பதைத் தாழ்த்தி எழுப்பினால் ‘வாங்குதல்’; சட்டென்று இறக்கினால் ‘விற்றல்’. ‘தாங்’ என்பதைச் சமமாக உயர்த்திச் சொன்னால் சூப்பு. ஏற்றிச் சொன்னால் சர்க்கரை. ‘ஷுய்ஜியாவ்’ என்பது ஒரு தொனியில் மாவுக்குள் பூரணம் வைத்து வேகவைக்கும் கொழுக்கட்டை. வேறு தொனியில் ‘உறங்குதல்’. நம் இளைஞர் ஒருநாள் பசியோடு போய்க் கொழுக்கட்டை வேண்டும் என்று கேட்பதாக எண்ணிக்கொண்டு, ‘எனக்கு உறங்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டாராம். கடை முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டார்.

“பிறகு எப்படித்தான் பேசக் கற்றீர்?”

“தலைமைச் சமையற்காரர் ஒரு கிழவர். நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் அவர் சிரிக்கவும் மாட்டார், திருத்தவும் மாட்டார். கரண்டியைக் கையில் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார். அந்த நேரத்தில் நான் சொன்னது என் காதிலேயே திரும்பக் கேட்கும். ‘பு துய், பு துய்’ என்பேன். ‘சரியில்லை, சரியில்லை’ என்று அர்த்தம். பிறகு சரியாகச் சொல்வேன். தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். அந்தக் கிழவர் காத்திருந்ததில்தான் ஐயா எனக்கு மொழி வந்தது.”

இதைக் கேட்டவுடன், வாசகப் பீடத்தில் மூச்சை இழுத்துக்கொண்டு நின்ற சிறுவனின் முகம் என் கண்முன் வந்தது. அவனுக்கு அந்தக் கிழவரைப்போல் ஒருவர்கூட நம் ஆலயத்தில் கிடைக்கவில்லையே!

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் தம் தவற்றைத் தாமே கண்டு திருத்திக்கொள்வது எப்படி நிகழ்கிறது என்பதை மொழியறிஞர் பலர் ஆராய்ந்திருக்கின்றனர். வில்லெம் லெவெல்ட் என்னும் டச்சு நாட்டு உளவியலறிஞர், வண்ணப் புள்ளிகளால் ஆன வரைபடங்களைப் பலரிடம் காட்டி, அவற்றை வாயால் விவரிக்கச் சொன்னார். அவர்கள் பேச்சினிடையே தாமாகச் செய்துகொண்ட திருத்தங்களில் 959-ஐத் தொகுத்து ஆராய்ந்து, 1983-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அத்தகைய திருத்தம் மூன்று படிகளில் நடைபெறும் என்று அவர் காட்டினார். முதலில், பேசுபவர் தம் பேச்சைத் தாமே கேட்டுத் தவற்றை உணர்ந்து நிறுத்துகிறார். அடுத்து, ஒரு தயக்க ஒலியோ சொல்லோ வருகிறது. அதன்பின் திருத்தமான சொல் வருகிறது. நடுவில் வரும் அந்தத் தயக்கச் சொல் எல்லா மொழியிலும் உண்டு. நாம் ‘அது வந்து’, ‘இல்லை இல்லை’, ‘அதாவது’ என்கிறோம். சீனர் ‘நெய்க’ என்பார்கள். அதற்கு நேர்ப்பொருள் ‘அந்த’ என்பதே. மனிதர் எத்தனை மொழியில் பேசினாலும், தடுமாறும் இடத்தில் ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருங்கியவர்களாக இருக்கிறார்கள், பாருங்கள்!

இன்னொரு செய்தி. 1977-இல் ஷெக்லாஃப், ஜெபர்சன், சாக்ஸ் என்னும் மூவர் பெயரால் வெளிவந்த ஓர் ஆய்வு, மக்கள் இயல்பாக உரையாடும்போது நிகழும் திருத்தங்களை நுணுகிப் பார்த்தது. பெரும்பாலான திருத்தங்களைப் பேசியவரே செய்துகொள்கிறார் என்றும், கேட்பவர் தவற்றைக் கண்டாலும் உடனே பாய்ந்து திருத்துவதில்லை என்றும் அது கூறியது. அவர் சற்றே காத்திருக்கிறார், அல்லது ‘என்ன?’ என்று மட்டும் கேட்டு, பேசியவருக்கே மறுபடி ஒரு வாய்ப்புத் தருகிறார். ஆக, அந்தச் சீனக் கிழவர் செய்தது மனிதருக்குள் இயல்பாக உள்ள நாகரிகமே. நாம் அன்று ஆலயத்தில் மறந்தது அந்த நாகரிகத்தைத்தான்.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். என் மனத்தைத் தைத்தது அதுவே. பிட் கார்டர் என்னும் அறிஞர் 1967-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மொழி கற்போர் செய்யும் பிழைகளை இரண்டாகப் பிரித்தார். அறியாமையால் வருவது ஒன்று. அறிந்திருந்தும் களைப்பாலோ பதற்றத்தாலோ நாக்குத் தவறுவது மற்றொன்று. முன்னதைக் கற்பவர் தாமே திருத்திக்கொள்ள இயலாது; ஏனெனில் சரியானது எது என்பதே அவருக்கு இன்னும் தெரியாது. பின்னதையோ அவர் தாமே திருத்திக்கொள்வார். எனவே, ஒருவர் நடுப்பேச்சில் நின்று தம்மைத் திருத்திக்கொண்டால், அவர் அறியாதவர் என்பதற்கு அது அடையாளமன்று. அறிந்தவர் என்பதற்கே அடையாளம். நம் சிறுவன் ‘வலி’ என்று சொல்லிவிட்டு அப்படியே போயிருந்தால், ஒருவேளை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். அவன் நின்றான், திருத்தினான். லகரமும் ழகரமும் வேறு என்று அவனுக்குத் தெரியும் என்பதை எல்லார் முன்னிலையிலும் மெய்ப்பித்தான். அதைக் கண்டுதான் நாம் சிரித்தோம்.

சீன மொழி பயில்வோரிடமும் இதே நிலைதான். நம்மில் கீரையைக் கட்டு என்றும், பூவை முழம் என்றும், வெற்றிலையைக் கவுளி என்றும், வாழைப்பழத்தைச் சீப்பு என்றும் எண்ணுவதுண்டு அல்லவா? சீனத்தில் ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் அப்படி ஓர் எண்ணுச்சொல் வேண்டும். புத்தகத்திற்கு ‘பென்’, காகிதத்திற்கு ‘ஜாங்’. எதற்கும் பொதுவாகச் சொல்லத்தக்க ‘க’ என்ற சொல்லும் உண்டு. புதிதாகக் கற்பவர் அவசரத்தில் ‘ஒரு க புத்தகம்’ என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி, ‘ஒரு பென் புத்தகம்’ என்று மாற்றிச் சொல்வார். அப்படி மாற்றுகிறவரைக் கண்டால் நல்ல ஆசிரியர் மனத்திற்குள் மகிழ்வார். விதி உள்ளே இறங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. தொனியைத் திருத்துவது அதைவிடக் கடினம். தொனிப் பிழையைத் திருத்த வேண்டுமானால், முதலில் அது தம் காதுக்குக் கேட்க வேண்டும். செவி பழகாதவருக்குத் தாம் தவறியதே தெரியாது.

இந்தச் செவிப்பழக்கத்திற்காக நம் மறைப்பணியாளர் எடுத்துக்கொண்ட பாடு சிறிதன்று. மத்தேயு ரிச்சி அடிகளார் 1580-இல் நம் பக்கத்துக் கொச்சியில் குருப்பட்டம் பெற்று, 1582-இல் மக்காவுக்குச் சென்று சேர்ந்தவர். 1598-ஆம் ஆண்டின் இறுதியில் பீக்கிங் நகரிலிருந்து அவரும் தோழர்களும் படகில் திரும்பிய நெடும் பயணத்தில், சீனச் சொற்களின் தொகுதி ஒன்றை உருவாக்கினார்கள். தோழர்களுள் ஒருவராகிய லாசரோ கத்தானேயோ அடிகளார் இசை அறிந்தவர். அவருடைய செவி தொனி வேறுபாடுகளைப் பிரித்தறிந்தது. ஒவ்வொரு தொனிக்கும் ஓர் அடையாளக் குறியிட்டு எழுதும் முறையை அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். பின்னால் வருவோர் தம் தவற்றைத் தாமே கண்டுகொள்வதற்கு அந்தக் குறிகள் துணையாயின.

சீனம்வரை போவானேன்? நம் தமிழ் மண்ணிலேயே இதைவிட நெஞ்சைத் தொடும் வரலாறு இருக்கிறது.

1542-ஆம் ஆண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ்கு சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. மக்களுக்கு அவருடைய மொழி தெரியாது. அவர் தாய்மொழி பாஸ்க். போர்த்துக்கீசியமும் தமிழும் அறிந்த சிலரைக் கூட்டிவைத்துப் பலநாள் முயன்று, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் முதலியவற்றைத் தமிழாக்கச் செய்து, மனப்பாடம் பண்ணிக்கொண்டார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று, சிறுவரையும் பெரியோரையும் கூட்டி, அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். இவ்வளவும் நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டதே.

நாம் அதிகம் கேளாதது பிறகு நடந்தது. 1544-ஆம் ஆண்டு தம் உடனுழைப்பாளராகிய மன்சிலாஸுக்கு எழுதிய கடிதமொன்றில், தாம் கற்பித்த விசுவாசப் பிரமாணத்தில் பிழை இருப்பதைச் சவேரியார் அறிவிக்கிறார். ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நின்றுவிட்டது! ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்று பொருள். கடவுளை விசுவசிப்பதைச் சொல்ல அது உதவாது. ஆகவே அதை மாற்றி விசுவாசம் என்ற சொல்லை இட்டுச் சொல்லிக்கொடும் என்று எழுதுகிறார். அத்தோடு விடவில்லை. கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் இடத்தில், பலவந்தத்தினால் என்று பொருள்படும் ஒரு சொல் புகுந்திருப்பதையும் நீக்கச் சொல்கிறார். நம் ஆண்டவர் தம் சொந்த விருப்பத்தினால் பாடுபட்டாரேயன்றி, யாருடைய பலவந்தத்தினாலும் அன்று என்று காரணமும் காட்டுகிறார்.

அன்பர்களே, இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். எத்தனை சிறுவர், எத்தனை முதியோர் அதுவரை அந்தச் சொற்களைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருப்பார்கள்! கற்பித்தவரோ எல்லாரும் மதித்துப் போற்றிய குருவானவர். ‘சொன்னது சொன்னதாக இருக்கட்டும், இப்போது மாற்றினால் மக்கள் என்ன நினைப்பார்கள்?’ என்று அவர் எண்ணியிருக்கலாம். எண்ணவில்லை. தாம் பிழையாகச் சொல்லிக்கொடுத்ததைத் தாமே எழுத்தில் ஒப்புக்கொண்டு, சரியானதைச் சொல்லிக்கொடுக்க வழி செய்தார். ‘கடவுள் எனக்கு வேணும்’ என்று அந்தக் கடற்கரைச் சிறுவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது கெட்ட செபம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விசுவாச அறிக்கை அதுவன்று. ஆண்டவர் கட்டாயத்தினால் பாடுபட்டார் என்று சொல்வதோ மீட்பின் பொருளையே கவிழ்த்துவிடும். ஒரு சொல்லில் அவ்வளவு இருக்கிறது. ஆகவேதான் அவர் வெட்கம் பார்க்கவில்லை.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தனர். 1546-இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் வாழ்நாளைக் கழித்த அண்ட்ரிக் அடிகளார், தமிழைச் செவிவழியாகவும் நூல்வழியாகவும் கற்று, தம்மைப்போல் புதிதாக வருவோருக்கென ஓர் இலக்கணமே எழுதிவைத்தார். அதன் கையெழுத்துப் படி இன்றும் லிஸ்பன் நகரத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் கைவண்ணமே. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அது.

அந்த வரிசையில்தான் நம் ஆவூரில் பணியாற்றிய வீரமாமுனிவர் வருகிறார். 1680-இல் இத்தாலியில் பிறந்து, முப்பதாம் வயதில் இந்தியா வந்தவர். தேம்பாவணி பாடிய பெரும் புலவர் என்று அவரைப் போற்றுகிறோம். ஆனால் அவர் இயற்றிய முதல் தமிழ் இலக்கணம் செந்தமிழுக்கன்று. மக்கள் நாள்தோறும் பேசும் கொடுந்தமிழுக்கு. புதிதாக வரும் குருக்கள் கற்பதற்காக 1728-இல் இலத்தீனில் எழுதினார். அது பின்னர்த் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தாம் தடுமாறிக் கற்ற வழியில் அடுத்தவர் தடுமாறாதிருக்கட்டும் என்ற அன்பு அதில் தெரிகிறது.

எழுத்திலும் அவர் கைவைத்தார். முற்காலத்தில் எகர, ஒகரக் குறிலுக்குமேல் புள்ளி வைப்பார்கள். நெடிலுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்துவது அரிதாகையால், நாளடைவில் இரண்டும் ஒன்றுபோல் ஆயின. ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஒரே வடிவில் நின்றன. ஏரியும் கண்மாயும் நிறைந்த நம் புதுக்கோட்டைச் சீமையில், நீருக்கும் நெருப்புக்கும் எழுத்தில் வேற்றுமை தெரியாமல் வாசித்தால் என்னாகும்! நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அந்த மயக்கத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். படகிலிருந்து ரிச்சி அடிகளார் செய்ததும், இங்கே இவர் செய்ததும் நோக்கத்தில் ஒன்றே: வாசிப்பவன் தன் தவற்றைத் தானே கண்டு திருத்திக்கொள்ள வகை செய்தல்.

அவர் தம் பெயரைக்கூடத் திருத்திக்கொண்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. முதலில் தைரியநாதர் என்று வைத்துக்கொண்ட பெயர் வடமொழி என்று அறிந்து, வீரமாமுனிவர் என்ற தமிழ்ப் பெயரை ஏற்றாராம். திருத்திக்கொள்வதை அவர் தாழ்வாக எண்ணவில்லை என்று மக்கள் அவரைப்பற்றி நினைத்திருக்கிறார்கள், அதுவே போதும்.

நம் திருச்சபையும் இதில் நமக்கு முன்மாதிரியே. நம் பாட்டிமார் ‘விசுவசிக்கிறேன்’ என்றார்கள். இன்று நாம் ‘நம்புகிறேன்’ என்கிறோம். விசுவாசம் மாறவில்லை, இக்காலத்தவருக்கு விளங்கும் தமிழில் சொல்ல வேண்டும் என்று நின்று, திருத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சவேரியார் தொடங்கியது இன்னும் முடியவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இன்று நம் பிள்ளைகள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளோடு போராடுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், பிழைக்கப் போகும் நாட்டில் மலாயோ சீனமோ அரபோ! ஒவ்வொன்றிலும் தடுமாறுவார்கள். அவர்களுக்குப் பெற்றோராகிய நாம் செய்யக்கூடியவை எளியவையே.

குழந்தை ஒரு சொல்லில் தடைப்பட்டு நின்றால், நீங்கள் முந்திக்கொண்டு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மூச்சு நேரம் காத்திருங்கள். பெரும்பாலும் அவனே கண்டுபிடிப்பான். கண்டுபிடித்தது அவனுடையதாகவே நிலைக்கும். அவனால் இயலவில்லையானால், அவன் அறியாததை நீங்கள் சொல்லித்தர வேண்டியதுதான். அப்போதும் ‘தப்பு’ என்று அதட்ட வேண்டாம். உங்கள் மறுமொழியிலேயே சரியான சொல்லை இயல்பாக வைத்துச் சொல்லுங்கள், செவி கற்றுக்கொள்ளும். இரவுச் செபத்தின்போது நற்செய்தியில் பத்து வரியைப் பிள்ளைகள் உரக்க வாசிக்கட்டும். வாசிக்கிறவன் தவறினால் அண்ணனும் அக்காளும் வாயைத் திறக்கலாகாது என்பதை வீட்டுச் சட்டமாகவே வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. பிள்ளைகள் திருத்திக்கொள்ளக் கற்பது நம்மைப் பார்த்துத்தான். கோபத்தில் மனைவியை ஒரு சொல் சொல்லிவிட்டு, ‘இல்லை, நான் சொன்னது தவறு’ என்று அதே மூச்சில் சொல்லும் கணவர் நம்மில் எத்தனை பேர்? அநியாயமாக அடித்த பிள்ளையிடம், ‘அப்பா தவறு செய்துவிட்டேன்’ என்று சொன்னவர் எத்தனை பேர்? ஒவ்வோர் இரவும் ஆன்ம சோதனை செய்யும்படி திருச்சபை நமக்குக் கற்பித்திருக்கிறது. அன்றைய பேச்சை நம் காதாலேயே திரும்பக் கேட்பதுதான் அது. ஒப்புரவு அருட்சாதனமும், நாம் நின்று திருத்திச் சொல்வதற்குக் கடவுள் காத்திருக்கும் இடமல்லவா? அவர் சிரிப்பதில்லை. நம் முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறார்.

ஆவூரிலிருந்து திரும்பிய மறுவாரம் அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் போனேன். அவன் தாயார் காப்பி கலக்க உள்ளே போன நேரத்தில், “தம்பி, அன்றைக்கு நீ வாசித்தபோது நானும் சிரித்தேன். அது தவறு. மன்னித்துக்கொள்” என்றேன். அவன் எதிர்பார்க்கவில்லை, காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். சவேரியார் ‘வேணும்’ என்று சொல்லிக்கொடுத்த கதையைச் சொன்னேன். “சவேரியாரா? அவருமா?” என்று சிரித்துவிட்டான். கொழுக்கட்டை கேட்கப் போய் உறக்கம் கேட்ட கதையையும் சொன்னேன்; இன்னும் நன்றாகச் சிரித்தான். பிறகு மெல்ல, “மறுபடி வாசிக்க வந்து, மறுபடியும் தப்பு வந்தால்?” என்று கேட்டான்.

“நின்று திருத்திச் சொல். நாங்கள் காத்திருக்கிறோம்” என்றேன்.

‘நாங்கள்’ என்று சொல்லிவிட்டேன், அன்பு வாசகர்களே. உங்களைக் கேளாமலே உங்கள் எல்லார் பெயராலும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வரும் திருவருகைக் காலத்தில் வாசிக்க வருவதாக அவன் ஒப்புக்கொண்டிருக்கிறான். உங்கள் பங்கிலும் அவனைப்போல் ஒரு சிறுவனோ சிறுமியோ இருக்கக்கூடும். அந்தப் பிள்ளை நடுவில் நின்று மூச்சை இழுக்கும்போது, நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றித் தருவீர்களா?